தொப்புளுக்கு அடுத்து முழங்கால்

ஆசிரியர் கலந்தாய்வில் உங்களுக்குக் கோட்டக்குப்பம் தொடக்கப் பள்ளி கிடைத்ததாமே, வாழ்த்துகள். நல்ல ஊர். விழுப்புரம் மாவட்டத்துச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குடியிருக்கலாம். தினமும் மாநிலம் விட்டு மாநிலம் வந்து கையெழுத்துப் போடலாம். 2021-ல் பேரூராட்சி நகராட்சியாகிவிட்டது. பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களிலிருந்தும் கடலோரக் குப்பங்களிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். அத்தா பிரான்சில் இருக்கிற பிள்ளையும், அப்பா நேற்று ராத்திரி வலையோடு கடலுக்குப் போன பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ரப்பருக்குச் சண்டை போடும்.

தமிழும் கணக்கும் உங்களுக்கு நடத்தத் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்வது, பயம் வந்தால் யாரிடம் சொல்வது, பக்கத்துப் பிள்ளையோடு எப்படிப் பழகுவது என்கிற சங்கதிகள்தான் சிக்கல். இங்கிலாந்தில் இதற்கென்று தனிப் பாடமே வைத்திருக்கிறார்கள்; உறவுகள் பற்றிய கல்வி அங்கே 2020 செப்டம்பரிலிருந்து தொடக்கப் பள்ளியிலேயே கட்டாயம். நம்மிடம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புச் சூழ்நிலையியலிலும், அதற்கு மேல் அறிவியலிலும் சமூக அறிவியலிலும் கொத்தமல்லித் தழை மாதிரி மேலே தூவியிருக்கும். மிச்சமெல்லாம் சுற்றறிக்கையாக வரும். கவலையே வேண்டாம். நான் சொல்கிறபடி நடந்தால் ஒரு பிள்ளையும் ஒன்றையும் கற்றுக்கொள்ளாமலேயே எல்லாப் பதிவேடும் நிரம்பிவிடும்.

சோப்பை எங்கே வைப்பது

அக்டோபர் 15, உலகக் கை கழுவும் நாள். 2008-லிருந்து நடக்கிறது. அதற்கு முந்தின நாள் சோப்பு வாங்குங்கள். ரசீது முக்கியம், சோப்பு அதற்கு அடுத்தபடிதான். காலையில் பிள்ளைகளைக் குழாய்ப் பக்கம் வரிசையாக நிறுத்தி, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு என்று முறையாகத் தேய்க்கச் சொல்லுங்கள். நுரை நன்றாகத் தெரிகிற பிள்ளையை முன்னால் நிறுத்திப் படம் எடுங்கள். படத்தில் தேதியும் இடமும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். குழாயில் தண்ணீர் வந்ததா என்று யாரும் கேட்கப் போவதில்லை. குவளையில் மொண்டு ஊற்றினாலும் படத்தில் தண்ணீர் தண்ணீர்தான்.

விழா முடிந்ததும் சோப்பைத் துடைத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். வெளியே வைத்தால் பிள்ளைகள் கரைத்துவிடுவார்கள். கை கழுவினால் சோப்பு கரையத்தானே செய்யும் என்று கேட்கிற அளவுக்குத் துணிச்சல் உங்களுக்கு இன்னும் வரவில்லை என்று நம்புகிறேன்.

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லி வைக்கிறேன். பல பள்ளிகளில் சத்துணவுக் கூடத்து ஆயா ஒருவர் இருப்பார். “கையக் காட்டு… இது என்ன கை, ஆட்டுக் குட்டிய தடவுனியா? போய்க் கழுவினு வா, அப்பதான் சோறு” என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வருஷம் 200 நாள் இதைச் செய்வார். யார் முட்டையைப் பைக்குள் ஒளித்துத் தம்பிக்குக் கொண்டுபோகிறான், யார் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, யாருக்கு வாயில் புண் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இவரைப் போன்றவர்களால் நலக்கல்வி தற்செயலாக நடந்துவிடுகிறது. ஆகவே இவரை எந்தப் பயிற்சிக்கும் அழைக்காதீர்கள். கூட்டத்தில் கருத்துக் கேட்காதீர்கள். பவர்பாயிண்ட் போடத் தெரியாதவர் என்பது ஒன்று போதும்.

மணி அடித்தால் குடிக்க வேண்டும்

2025 ஜூன் கடைசியிலிருந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘வாட்டர் பெல்’ வந்திருக்கிறது. காலை 11, மதியம் 1, பிற்பகல் 3. பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறார்கள் என்பதால் கேரளத்தில் 2019-லேயே தொடங்கிய யோசனை. நல்ல திட்டம்; கேலி செய்ய எனக்கே மனம் வரவில்லை. ஆனால் பிள்ளைகள் மறந்துதான் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று நம்புவதில் நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறக்காமலேயே சாயங்காலம் திருப்பி எடுத்துப்போகிறாள் என்றால் அவளுக்கு மறதி என்று எழுதிக்கொள்ளுங்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வாளியில் தண்ணீர் இல்லை, வெளியே காவலுக்கு நிற்கத் தோழி வேண்டும், தோழிக்கு மிஸ் அனுமதி தர மாட்டார் என்று அந்தப் பிள்ளை போடுகிற கணக்கு உங்கள் கணக்குப் பாடத்தில் இல்லாதது. அது மனக்கணக்கு வேறு.

ஆகவே 11 மணிக்கு மணி அடியுங்கள். எல்லாரும் குடித்து முடித்ததும் கதவைச் சாத்துங்கள். 11.20-க்கு ஒரு கை உயரும். “இப்பதானே இன்டர்வல் விட்டேன்?” என்று கேளுங்கள். மறுநாள் அந்தக் கைக்காரன் தண்ணீர் குடிக்க மாட்டான். மணி அடித்ததும் பாட்டிலை வாயில் வைத்துக் குடிக்கிற மாதிரி நடிப்பான். நாடகக் கலையும் வளர்ந்தது.

ரமலான் மாதத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள். மூன்றாம் வகுப்புப் பையன் எழுந்து, “நான் இன்னைக்கு நோன்பு மிஸ்” என்பான். பக்கத்துப் பெஞ்சிலிருந்து, “பொய் மிஸ், காலையில உப்புமா சாப்பிட்டான்” என்று சாட்சி வரும். “அது அரை நோன்பு” என்று பதில் வரும். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை. சுற்றறிக்கையிலும் இடமில்லை.

குடற்புழுவுக்கும் ஒரு நாள் உண்டு. 2015-ல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள்; பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வருஷத்துக்கு இரண்டு. 400 மில்லிகிராம் அல்பெண்டசோல். பிள்ளைகள் மென்று விழுங்க வேண்டும். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினால் அது ஜன்னல் வழியாகப் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும். எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு முந்தின காட்சி. கொக்கிப்புழுவின் இளம்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாக உள்ளே நுழைகிறது என்று கரும்பலகையில் படம் வரைவீர்கள். கழிப்பறைக்குச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்று அடிக்கோடிடுவீர்கள். அரசு கொடுத்த விலையில்லாக் காலணிகள் அப்போது எங்கே இருக்கும்? வகுப்பு வாசலில், ஜோடி ஜோடியாக, வரிசை பிசகாமல். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வருவது நல்லொழுக்கம். இன்டர்வல் மணி அடித்ததும் அறுபது வெறுங்கால்கள் அந்த வரிசையைத் தாண்டிக் குதித்துக் கழிப்பறைக்கு ஓடும். தொடக்கப் பள்ளிப் பிள்ளை செருப்பு மாட்டிக்கொண்டிருக்க நேரம் தருவீர்களா என்ன? புழுவுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் செய்து தர முடியாது.

தொப்புளுக்கு அடுத்து

‘நம் உடல்’ பாடத்தை மேலிருந்து தொடங்குங்கள். தலை, கண், காது, மூக்கு, கழுத்து, தோள். பிள்ளைகள் தொட்டுக் காட்டுவார்கள், பாட்டாகவும் பாடுவார்கள். வயிறு, தொப்புள். அதற்கப்புறம் மூச்சு விடாமல் முழங்காலுக்குப் போய்விடுங்கள். நடுவில் இருப்பது வேறு மாநிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; நமக்கு அங்கே அதிகார வரம்பு இல்லை. ஒரு பையன் களுக்கென்று சிரிப்பான். அவனை வெளியே அனுப்பிவிட்டால் மற்றவர்களுக்கு விஷயம் தெளிவாகப் புரிந்துவிடும்: அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது, பெயர் சொன்னால் தண்டனை உண்டு. பெயர் இல்லாத இடத்தில் வலி வந்தாலோ வேறு எது நடந்தாலோ பிள்ளை எப்படிச் சொல்லும் என்று யோசிக்கத் தொடங்காதீர்கள். ராத்திரி தூக்கம் வராது.

ஐந்தாம் வகுப்பில் பத்து வயதுப் பெண்கள் இருப்பார்கள். சிலர் அந்த வருஷமே வயதுக்கு வந்துவிடுவார்கள். பத்திலிருந்து 19 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட் நாப்கின் தருகிற ‘புதுயுகம்’ திட்டத்தைத் தமிழ்நாடு 2011-லேயே கொண்டுவந்துவிட்டது. அரசாங்கமே பத்து வயது என்று எழுதிவிட்ட பிறகும், ‘சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசக் கூடாது’ என்கிற கொள்கையை நீங்கள் விட்டுவிடக் கூடாது. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, அதைக் கறுப்புப் பையில் போட்டு, அதை மாணவியின் புத்தகப் பைக்குள் வைத்து, “யாருக்கும் காட்டாத” என்று காதில் சொல்லி அனுப்புங்கள். அவள் அந்தப் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில் மின்கம்பத்தில் ஒரு ஃபிளெக்ஸ் தொங்கும். அவள் வயதுப் பெண் ஒருத்தி பட்டுப் புடவையில் நிற்பாள். மஞ்சள் நீராட்டு விழா, தேதி, மண்டபம், இரண்டு பக்கமும் தாய்மாமன்கள் கும்பிட்ட கையோடு. ஊர் மொத்தத்துக்கும் பேனர் வைத்துச் சொல்கிற செய்தியை வகுப்பில் ஏன் ரகசியமாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால் அது அவள் கற்பனை வளத்தைக் காட்டுகிறது.

‘வேண்டாம்’ சொல்லப் பழக்குதல்

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பாடத்துக்கு ஒரு பாடவேளை போதும். சார்ட் தயாராகக் கிடைக்கும். பிள்ளைகளை எழுப்பி, யாராவது பிடிக்காத மாதிரி தொட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கேளுங்கள்.

“வேண்டாம்!”

“சத்தமா!”

“வேண்டாம்!!”

ஒரே குரலில் முழங்குவார்கள். காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பாடவேளையில் ஆண்டுவிழா ஒத்திகை. “எனக்கு டான்ஸ் வேண்டாம் மிஸ்” என்று ஒருத்தி சொல்வாள். அவளுக்கு ‘வாயாடி’ என்று பெயர் வையுங்கள். மதியம் இன்னொருவன், “எனக்கு இந்தச் சோறு வேண்டாம்” என்பான். “எதிர்த்துப் பேசுற பழக்கம் எங்க இருந்து வந்துது?” என்று விசாரியுங்கள். விழாவுக்கு வந்த பெரிய மனிதர் மேடையிலேயே ஒரு பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளித் தூக்கி முத்தம் கொடுப்பார், பிள்ளை நெளியும். “சார்தானே, சும்மா இரு” என்று நீங்களே சொல்ல வேண்டும். நாற்பது நிமிடம் ‘வேண்டாம்’ சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சு கூடாது என்று பழக்குவது நம் பள்ளிகளின் சிறப்பு. பிரம்பு தேவைப்பட்டால் மேசைக்கு அடியில் இருக்கட்டும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது என்ற அறிவிப்புப் பலகையும் அதே மேசைமேல் நிற்கலாம்.

‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி பள்ளியில் இருக்கும். பிள்ளைகள் தங்கள் குறையைச் சீட்டில் எழுதிப் போடலாம். அதைத் தலைமை ஆசிரியர் அறை வாசலில், அவர் நாற்காலியிலிருந்து நேராகத் தெரிகிற இடத்தில் மாட்டுங்கள். சாவியும் அவரிடமே இருக்கட்டும். பெட்டியில் சீட்டே விழாது. பள்ளியில் குறையே இல்லை என்று அறிக்கை அனுப்பலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் எழுதவே தெரியாது என்பது கூடுதல் வசதி.

ஒரு நாள் ஒரு பிள்ளை உங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தும். “யார்கிட்டயும் சொல்லாத, பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுடும்” என்று சொல்லத்தான் உங்களுக்குப் பழக்கியிருப்பார்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் என் கையேட்டை மூடி வைத்துவிடுங்கள். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிற போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, பிள்ளைமேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 21-ஆம் பிரிவுப்படி மறைத்தவருக்குச் சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417. இரண்டும் உங்கள் கைபேசியில் இருக்கட்டும். பிள்ளையை முழுதாகப் பேச விடுங்கள், நம்புங்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள்.

சரி, கையேட்டைத் திறக்கலாம். பிள்ளைகள் பல சமயம் உங்களிடம் சொல்லாததைத் தெரு அக்காவிடம் சொல்வார்கள். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபர் 27-ல் இதே மாவட்டத்தில், மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் முதல்வர் தொடங்கிவைத்தார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பாடம் சொன்ன தன்னார்வலர்கள் அந்தந்தத் தெருப் பெண்கள். அவர்களுக்குப் பிள்ளையின் வீடும் தெரியும், வீட்டில் யார் யார் வந்துபோகிறார்கள் என்பதும் தெரியும். அப்படிப்பட்டவர்களைப் பள்ளிக்குள் கூப்பிட்டுப் பேசினால் உங்கள் கௌரவம் என்ன ஆவது?

உறுதிமொழி

போதைப் பொருளுக்கு எதிராக 2022 ஆகஸ்ட் 11-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகள் எல்லாம் உறுதிமொழி எடுத்தன. அது மாதிரி நாட்களில் வலது கையை நீட்டச் சொல்லி நீங்கள் படித்தால் போதும். கோட்டக்குப்பத்தில் பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். காரணம் உண்டு. இது எல்லை ஊர். புதுச்சேரி மதுவின் விலை வேறு, டாஸ்மாக் விலை வேறு. அந்த வித்தியாசம் எந்த வண்டியின் இருக்கைக்கு அடியில் எப்படிப் பயணம் செய்கிறது, மதுவிலக்குப் போலீஸ் எங்கே நிற்கும், எத்தனை பாட்டில் பிடித்தால் செய்தித்தாளில் படம் வரும் என்பதெல்லாம் ஐந்தாம் வகுப்புக்கு அத்துப்படி. இலாப நட்டக் கணக்கை இந்த ஊரில் நடத்த ஆப்பிள் விற்ற வியாபாரி தேவையே இல்லை.

பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டத்தைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. எதிர்க் கடைக்காரருக்கு இரண்டையும் படித்துக் காட்டுங்கள். கேட்டுவிட்டு உங்களுக்கு டீ தருவார். அந்த டீயை வாங்கிவர நீங்கள் தினமும் அனுப்புவது நான்காம் வகுப்பு லீடரைத்தானே.

‘குடிக்கிறவர்கள் கெட்டவர்கள்’ என்று மட்டும் பாடம் நடத்திவிடாதீர்கள் என்று பயிற்சியில் யாரும் சொல்வதில்லை. 2023 மே மாதம் இதே கடற்கரைச் சாலையில் வடக்கே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அவர்களும் பிள்ளைகளுக்கு அப்பாக்கள். “அப்ப எங்கப்பா கெட்டவரா மிஸ்?” என்று உங்கள் வகுப்பில் ஒருவன் கேட்டால், அதற்குச் சார்ட் கிடையாது.

சேர்ந்து வாழ்தல்

வட்டமாக உட்கார வைத்தால் சமத்துவம் தானாக வந்துவிடும். செயல்வழிக் கற்றல் 2007-ல் மாநிலம் முழுக்க வந்தபோது பாயில் வட்டமாக உட்கார வைத்தோம். 2025 ஜூலையில் ‘ப’ வடிவில் உட்கார வைக்கச் சொன்னார்கள்; அதற்கு முன்னால் கேரளத்தில் ஒரு மலையாளப் படம் பார்த்துவிட்டுச் செய்தார்கள். கழுத்து வலிக்கும், கண் வலிக்கும் என்று எதிர்ப்பு வந்ததும் இங்கே நிறுத்தி வைத்துவிட்டார்கள். எந்த எழுத்தின் வடிவில் பெஞ்சைப் போட்டாலும், யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று வீட்டில் சொல்லி அனுப்பியதைப் பெஞ்சு மாற்றாது. மதியம் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு அவர்களே இடம் மாறி உட்கார்ந்துகொள்வதைப் பார்த்தால் பார்க்காத மாதிரி போய்விடுங்கள். நீங்கள் பாராட்டினால் நின்றுவிடும்.

என் வீடு

‘உன் வீட்டை வரைந்து வண்ணம் தீட்டு.’ எந்தப் புத்தகத்திலும் இந்தப் பயிற்சி இருக்கும். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை. கோட்டக்குப்பம் இருக்கிற வானூர் வட்டத்தில் அப்படி இரண்டு மலை எங்கே இருக்கிறது என்று கேட்காமல் எல்லாரும் வரைவார்கள். குப்பத்துப் பையன் ஒருவன் வெறும் நீல நிறத்தைப் பூசி நீட்டுவான். புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களின் கடைசியில் அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள்; தெற்கிலிருந்து வடக்கே நகர வேண்டிய மணல் அங்கேயே தங்கிவிட, வடக்கே கரை கரைந்துகொண்டே வந்தது. படகு இழுத்துப் போட்ட மணலும், அதற்குப் பின்னால் இருந்த வீடுகளும் போயின. அந்தப் பையனின் தாத்தா வீடு நீலத்துக்கு அடியில்தான் இருக்கிறது. நீங்கள் ‘முயற்சி போதாது’ என்று எழுதி, ஒரு நட்சத்திரம் மட்டும் கொடுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் அங்கே சுமார் 48 சென்டிமீட்டர் மழை. இப்படிப்பட்ட ராத்திரிகளில் கடலோரத்துப் பள்ளிகள்தான் முகாம் ஆகும். பிள்ளைகள் அம்மா, ஆயா, ஆடு, கேஸ் அடுப்பு சகிதம் சொந்த வகுப்பறையிலேயே வந்து படுப்பார்கள். தங்கள் பள்ளியின் கழிப்பறையைக் குடும்பத்தோடு பயன்படுத்திப் பார்க்கிற வாய்ப்பு பெற்றோருக்கு அப்போது கிடைக்கும். அடுத்து நடக்கிற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேள்வி கொஞ்சம் அதிகமாக வரலாம். நிகழ்ச்சி நிரலில் கலைநிகழ்ச்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டால்

எவ்வளவு பாதுகாப்பாக நடத்தினாலும் சில பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள். பாப்பா எப்படி வயிற்றுக்குள் போச்சு? செத்துப்போனவங்க எங்க போறாங்க? டீச்சர் பாத்ரூமுக்கு மட்டும் ஏன் பூட்டு? கோபப்பட வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். “அதெல்லாம் ஆறாம் வகுப்புல வரும்” என்று சொல்லுங்கள். பிள்ளை நம்பி உட்கார்ந்துவிடும். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் டி.சி. எழுதிக் கொடுத்து நடுநிலைப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம். அங்கே அதே கேள்வியைக் கேட்கும்போது ஆறாம் வகுப்பு ஆசிரியர் நிமிர்ந்து பார்த்து, “இதைக்கூட ஆரம்பப் பள்ளியில சொல்லித் தரலியா?” என்பார்.